கீபோர்டு வாசிக்கிற பையனின் அப்பாவுக்கு

வணக்கம் ஐயா.

சினிமாப் பாட்டுக்குக் கீபோர்டு வாசிக்கிற வேலைக்குப் போக ஆசைப்படும் பையனைக் கூட்டிக்கொண்டு, போன சனிக்கிழமை சேலம் அஞ்சு ரோட்டில் இருக்கும் என் அறைக்கு வந்தீர்கள். ஒரு மணி நேரம் பேசினோம். ஆனால் நீங்கள் கேட்க வந்த கேள்வியை எழுந்து செருப்பு மாட்டும்போதுதான், அவன் படியிறங்கிப் போன பிறகு, கேட்டீர்கள். "சார், இதுக்கு உத்தியோகம்னு பேர் இருக்கா? நாளைக்கு எவனாச்சும் பொண்ணு குடுப்பானா?" அப்போது சிரித்து மழுப்பிவிட்டேன். இப்போது பதில் எழுதுகிறேன். இதே கேள்வியோடு வருகிறவர்கள் வேறு சிலரும் இருப்பதால், பெயர் போடாமல் பொதுவில் வெளியிடச் சம்மதித்தீர்கள். அதற்கு நன்றி.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறவர் நீங்கள். கம்பி இழுக்கிற ஆள் வேறு, பற்றவைக்கிற ஆள் வேறு, முத்து கோர்க்கிற ஆள் வேறு, மெருகு போடுகிற ஆள் வேறு. கொலுசு வாங்குகிற பெண்ணுக்கு டப்பாவில் இருக்கும் கடைப் பெயர் மட்டும்தான் தெரியும். உங்கள் பையன் போக ஆசைப்படுவதும் இப்படியொரு பட்டறைக்குத்தான். பாட்டுக்கு இசையமைப்பாளர் பெயர்தான் கடைப் பெயர். பல்லவி முடிந்து சரணம் தொடங்குவதற்குள் பத்து விநாடி ஒரு புல்லாங்குழல் வருமே, அதை ஊதியவர் முத்து கோர்க்கிறவர்.

உங்கள் பட்டறை ரேடியோவில் நாற்பது வருஷமாக இளையராஜா ஓடுகிறது என்றீர்கள். அந்தப் பாட்டுகளில் கிட்டார் சதானந்தம், டிரம்ஸ் புருஷோத்தமன், கீபோர்டு விஜி மானுவல், புல்லாங்குழல் நெப்போலியன். நெப்போலியன் பிறகு அருண்மொழி என்ற பெயரில் பாடவும் செய்தார், அதனால் அவரைக் கொஞ்சம் பேருக்குத் தெரியும். இளையராஜா 1986-ல் வெளியிட்ட வாத்திய இசைத் தொகுப்பில் வயலின் வாசித்தவர் வி.எஸ்.நரசிம்மன். இதில் எத்தனை பேரைத் தெரியும் என்று உங்கள் பையனிடம் கேட்டேன். இரண்டு பேர் என்றான். அந்தத் தொழிலுக்குப் போகிறவனுக்கே இரண்டு பேர்தான்.

அவன் சொல்லும் உதாரணங்கள் வேறு. ஏ.ஆர்.ரஹ்மான் முதலில் கீபோர்டு வாசித்தவர்தானே, ஹாரிஸ் ஜெயராஜ் கம்ப்யூட்டரில் இசை கோர்க்கிற புரோகிராமராக இருந்தவர்தானே, இளையராஜாவே ஜி.கே.வெங்கடேஷிடம் வாத்தியக்காரராக இருந்தவர்தானே என்கிறான். எல்லாம் உண்மை. 1992, 2001, 1976 என்று அவர்கள் இசையமைத்த முதல் படம் வந்த வருஷம்கூடச் சொல்கிறான். ஆனால் அதே அறைகளில் அவர்களோடு உட்கார்ந்து வாசித்து, கடைசிவரை வாத்தியக்காரராகவே இருந்து, வீடு கட்டி, பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள்தான் அதிகம். நாம் இங்கே பேசுவது அவர்கள் வேலையைப் பற்றி. இன்னொன்றையும் அவனிடம் சொன்னேன். இளையராஜாவும் ரஹ்மானும் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றவர்கள். அந்தப் பகுதியை அவன் எங்கும் படித்திருக்கவில்லை.

நோட்டேஷன், அதாவது தாளில் எழுதிய இசைக் குறிப்பைப் பார்த்து வாசிக்கிற விஷயத்தில் நான் கொஞ்சம் அதிகமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு பழைய வடு இருக்கிறது. இருபது வயதில் நான் சேலத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் வயலின் வாசித்துக்கொண்டிருந்தேன். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகை சமயத்தில் ஒரு நாள்கூட ஓய்வு இருக்காது. எந்தப் பாட்டையும் இரண்டு தடவை கேட்டால் வாசித்துவிடுவேன், அந்த மிதப்பு. யாருக்கோ உடம்பு சரியில்லை என்று வடபழனியில் ஒரு ஒலிப்பதிவுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸில் உட்கார்ந்தே போனேன். காலையில் ஸ்டாண்டில் தாள் வைத்தார்கள். மற்றவர்கள் அதை ஒரு தடவை கண்ணால் மேய்ந்துவிட்டு வில்லை எடுத்தார்கள். நான் பக்கத்து ஆளின் விரலைப் பார்த்துச் சமாளித்தேன். சுரம் பிசகவில்லை. ஆனால் மற்ற எல்லா வில்லும் மேலே ஏறும்போது என் வில் மட்டும் கீழே இறங்கியது. எல்லாரையும் கையசைத்து நடத்துகிற இசைக் கண்டக்டர் கையை நிறுத்தினார். திட்டவில்லை. பேட்டாவை வாங்கிக்கொள்ளுங்கள் தம்பி என்றார். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே தெருவில் நின்றேன். அவர்மேல் எனக்கு வருத்தம் கிடையாது. அன்றைக்கெல்லாம் எல்லா வாத்தியமும் ஒரே கூடத்தில் சேர்ந்து வாசிக்க வேண்டும். ஒருத்தன் தப்பினால் அத்தனை பேரும் மறுபடி முதலிலிருந்து.

இன்றைக்கு அப்படி இல்லை, ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பதிவு செய்கிறார்கள். அதனால் தப்பு மன்னிக்கப்படுகிறது என்று நினைக்காதீர்கள், மறைந்துகொள்ள இடமில்லாமல் போய்விட்டது. ஹெட்ஃபோனில் தாளம் காட்டும் கிளிக் சத்தம் ஓடும், கூட யாரும் இருக்க மாட்டார்கள். பையனிடம் ஒரு சின்னச் சோதனை செய்தேனே, கவனித்தீர்களா? போனில் தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிஷத்துக்குத் தொண்ணூறு அடியில் வைத்தேன். எட்டு பார், அதாவது எட்டுத் தாளச் சுற்று, கிளிக்கோடு வாசிக்கச் சொன்னேன். பிறகு சத்தத்தை அடைத்துவிட்டு, இன்னும் எட்டு பார் வாசித்துக்கொண்டே போ என்றேன். சத்தத்தைத் திறந்தபோது கிளிக்குக்கு அரை அடி முன்னால் ஓடிக்கொண்டிருந்தான். மூன்று தடவையும் அப்படித்தான். அடுத்து, பாடுகிறவருக்குச் சுருதி உயரமாக இருக்கிறது, ஒன்றரைக் கட்டை இறக்கு என்றேன். கை உடனே சுருதியைத் தானாக மாற்றித் தரும் டிரான்ஸ்போஸ் பட்டனுக்குப் போனது. மேடையில் அது ஓடும். எதிரே தாளை வைத்து, இரண்டாம் பக்கத்தில் சுருதி மாறுகிறது என்று சொன்னால் பட்டன் உதவாது.

குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவன் விரலில் வேகமும் காதில் நுட்பமும் இருக்கின்றன. இல்லாத இரண்டும் கற்றுக்கொண்டால் வருகிறவை.

உங்கள் அடுத்த கேள்வி கம்ப்யூட்டரைப் பற்றி. எல்லாவற்றையும் மெஷினே வாசித்துவிடுமாமே என்றீர்கள். பாதி சரி, அதுவும் அடி முதலில் விழுவது கீபோர்டுக்காரர்மேல்தான். கூட்டமாக வாசிக்கிற வயலின்களைக்கூட முன்பே பதிவு செய்து வைத்த ஒலிகளைக் கொண்டு கீபோர்டிலேயே எழுப்பிவிடுகிறார்கள். வாத்தியக்காரர் கூட்டமே வேண்டும் என்றால் வெளிநாட்டுக்கும் போகிறார்கள். 2005-ல் இளையராஜாவின் திருவாசக இசைத் தொகுப்புக்கு ஹங்கேரியின் புடாபெஸ்ட் சிம்பொனிதான் வாசித்தது. ஆகவே வெறும் கீபோர்டுக்காரர் என்ற வேலை சுருங்கி, புரோகிராமர் என்று மாறிவிட்டது. தாளம் கட்டுவது, ஒலி தேர்ந்தெடுப்பது, இசையமைப்பாளர் வாயால் முனகியதைப் பாட்டாக நிமிர்த்திக் காட்டுவது எல்லாம் அதில் அடக்கம். இதில் ஆள் தேவை இருக்கிறது. இதை ஓரளவு சேலத்தில் இருந்தே செய்யலாம். கிளிக் டிராக்கை அனுப்புவார்கள், வாசித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். நாற்பத்தெட்டு கிலோஹெர்ட்ஸ், இருபத்துநாலு பிட், எதிரொலி எதுவும் சேர்க்காமல், பாட்டின் ஆரம்பத்திலிருந்தே தொடங்கும் ஃபைலாக. ஆனால் உங்கள் வீடு பட்டறைக்கு மேல்மாடி. பகலில் மைக் வைத்தால் பாட்டில் உங்கள் கட்டைச் சுத்தியல்தான் கேட்கும். கீபோர்டு நேரே கம்ப்யூட்டருக்குள் போகும் என்பதால் பிழைத்தான். குரலோ புல்லாங்குழலோ என்றால் ராத்திரி பத்துக்கு மேல்தான்.

இனி பெயர் விஷயம். இதை வாத்தியக்காரர்களே சரியாகக் கவனிப்பதில்லை.

லண்டனில் 1973 ஜனவரி. பிங்க் ஃபிளாய்ட் என்ற குழுவின் ஒரு பாட்டுக்கு வார்த்தையே இல்லாமல் குரலை மட்டும் கொடுக்க க்ளேர் டோரி என்ற பாடகியை அழைத்தார்கள். கூலிக்குப் பாடுகிறவர். ஞாயிற்றுக்கிழமை என்பதால் இரட்டைக் கூலி, முப்பது பவுண்டு. சில டேக் பாடினார், வாங்கிக்கொண்டு போனார். அந்தத் தொகுப்பு உலகத்தில் அதிகம் விற்றவற்றில் ஒன்றாயிற்று. அந்த மெட்டில் பாதி என் குரல் அந்த நேரத்தில் உண்டாக்கியது என்று அவர் வழக்குப் போட்டது 2004-ல். அடுத்த வருஷம் சமரசமாகி, பாட்டை உருவாக்கியவர்களில் ஒருவராக அவர் பெயரும் ஏறியது. முப்பத்திரண்டு வருஷம். அமெரிக்காவில் மோடவுன் கம்பெனிப் பாட்டுகளுக்கு பேஸ் கிட்டார் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனும் அப்படித்தான். வருஷக்கணக்கில் ஹிட் ஆன பாட்டுகள், உறையில் பெயர் கிடையாது. 1971-ல்தான் ஓர் உறையில் அச்சானது.

இங்கே ரஹ்மான் கேசட் உறைகளில் வாத்தியக்காரர் பெயர்களை விரிவாக அச்சிட்டார். புல்லாங்குழல் நவீன்குமாரையும் பேஸ் கிட்டார் கீத் பீட்டர்ஸையும் ரசிகர்கள் பெயர் சொல்லி அடையாளம் காண்பது அதனால்தான். பெயர் என்றால் பெருமை மட்டும் என்று விட்டுவிடாதீர்கள், அதில் சட்டமும் இருக்கிறது. 2012-ல் திருத்திய பதிப்புரிமைச் சட்டப்படி, பாடுகிறவருக்கும் வாசிக்கிறவருக்கும் அவர்களுடைய பதிவு வணிகத்துக்குப் பயன்படும்போது ராயல்டி கேட்க உரிமை உண்டு, ஐம்பது வருஷம் வரைக்கும். ஆனால் அதே சட்டத்தில் ஒரு கொக்கி. திரைப்படத்தில் சிறுபங்காகவோ போகிறபோக்கிலோ வேலை செய்து, துறை வழக்கப்படி டைட்டிலில் எங்குமே பெயர் வராதவர் அந்தக் கணக்கில் சேரமாட்டார். அவருடைய வாசிப்பைச் சிதைத்தால் தட்டிக்கேட்கலாம், அவ்வளவே. அதனால் பெயர் வந்ததா என்று பார்ப்பது உங்கள் பட்டறையில் எடை போட்டு எழுதி வைப்பது மாதிரி. பாடகர்களுக்காக 2013-ல் தொடங்கிய உரிமைச் சங்கம் இப்போது இசாம்ரா என்ற பெயரில் வாத்தியக்காரர்களையும் சேர்த்துக்கொள்கிறது. கால்ஷீட், கூலி விஷயங்களுக்குச் சென்னையில் திரை இசைக் கலைஞர்கள் சங்கம் இருக்கிறது. எம்.பி.சீனிவாசன் முன்நின்று கட்டியது. இந்த இரண்டையும் பையன் சென்னை போன முதல் மாதமே விசாரிக்கட்டும்.

சரி, என்ன படிப்பது? பிளஸ் டூ முடித்ததும் நேரே கோடம்பாக்கம் என்பதற்கு நான் ஒப்பவில்லை, அவனிடமும் சொல்லிவிட்டேன். மூன்று வருஷம் இங்கேயே பி.காம். படிக்கட்டும், அரசு கலைக் கல்லூரி கிடைத்தால் செலவும் குறைவு. காலேஜ் முடிந்த நேரத்தில் லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் இசைத் தேர்வின் கிரேடுகளை ஏறட்டும். எட்டு கிரேடு உண்டு. எட்டையும் முடிக்க வேண்டும் என்றில்லை, ஐந்து தாண்டினால் தாளைப் பார்த்து வாசிப்பதில் பயம் போய்விடும். சேலத்தில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது, கீபோர்டு அங்கே கிடையாது. ஆனால் குரலிசையோ மிருதங்கமோ மூன்று வருஷம் கற்றால் தாளக் கணக்கு உடம்பில் இறங்கும். அவன் முன்னால் ஓடுகிற வியாதிக்கு மிருதங்கம்தான் மருந்து என்பது என் கட்சி. ஏற்காட்டில் ஹோட்டல்களில் சனி, ஞாயிறு வாசிக்கக் கூப்பிடுகிறார்கள் என்றான். போகட்டும். அங்கே வருகிறவர்கள் ஹிந்தி கேட்பார்கள், பழைய ஆங்கிலப் பாட்டு கேட்பார்கள், ஒருத்தர் தானே பாடுகிறேன் என்று மைக்கைப் பிடுங்குவார். அதைவிட நல்ல பயிற்சி எங்கே கிடைக்கும்? ஒரே ஒரு நிபந்தனை, டிரான்ஸ்போஸ் பட்டன்மேல் டேப் ஒட்டிவிட்டுப் போகட்டும். ராத்திரி பைக்கில் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க வேண்டாம், காலை பஸ்ஸில் வரட்டும்.

ரஹ்மான் 2008-ல் சென்னையில் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி பற்றியும் கேட்டான். நல்ல இடம், செலவு அதிகம். டிகிரிக்குப் பிறகு, கிரேடு தேர்வில் கை தேறியிருந்தால் பார்க்கலாம். ஒலிப்பதிவில் ஆர்வம் வந்தால் தரமணி அரசு திரைப்படக் கல்லூரியில் நான்கு வருஷப் பட்டப்படிப்பு இருக்கிறது. அது வேறு வேலை, வாசிக்கிற வேலை இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

டிகிரி முடித்ததும் சென்னையில் இரண்டு வருஷம் கொடுங்கள். அறை வாடகையும் சாப்பாட்டுக் காசும் உங்கள் பொறுப்பு, மற்றதெல்லாம் அவன் பொறுப்பு. மாதச் சம்பளம் என்று எதிர்பார்க்காதீர்கள். இந்தத் தொழிலில் ஒரு மாதம் இருபது நாள் வேலை இருக்கும், அடுத்த மாதம் போனே அடிக்காது. அந்தக் காலத்தில் ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்தபோது மாதச் சம்பளத்துக்கு ஆள் வைத்துத் தொழிற்சாலை மாதிரி படம் எடுத்தார்கள். இப்போது நுழைவாயில் வளைவு மட்டும்தான் நிற்கிறது. நீங்களும் தீபாவளிக்கு முன்னால் தூங்காமல் வேலை செய்து, ஆடியில் ஆர்டருக்குக் காத்திருக்கிறவர்தானே. மாதா மாதம் ஒரே தொகை வராவிட்டாலும் குடும்பம் நடத்த முடியும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பெண் கொடுப்பார்களா என்றால், உங்களுக்குக் கொடுத்தார்களே ஐயா.

அடுத்த சனிக்கிழமை அவனை மட்டும் அனுப்புங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு கொண்டுவரட்டும். இதுவரை எந்தெந்தக் கச்சேரியில், எந்தத் தேதியில், யாருக்கு, என்ன வாசித்தான், என்ன கொடுத்தார்கள் என்று அதில் எழுதிக்கொண்டு வரவேண்டும். கீபோர்டையும் தூக்கிவரச் சொல்லுங்கள். அடாப்டரை மறக்க வேண்டாம், போன தடவை பக்கத்து ஜெராக்ஸ் கடையில் இரவல் வாங்கினோம்.