பதில்: தலையில் தண்ணீர் பட்டாலே மகள் அலறுகிறாள்

ஐந்து வயது மகள் தலைக்கு ஊற்றினால் அலறுகிறாள், சட்டைக் கழுத்து லேபிள் பட்டாலே கழற்றி எறிகிறாள், வீட்டுப் பெரியவர்கள் அடம் என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அடமாகத் தெரியவில்லை. என் பையனும் இதே ரகம்தான்.

லேசான, எதிர்பாராத தொடுகை சில குழந்தைகளுக்கு வலி மாதிரியே இருக்கும். அதே குழந்தையை நாம் இறுக்கிக் கட்டிப்பிடித்தால் அடங்கிவிடும். குளியலுக்கு முன் தோளையும் தலையையும் துண்டு போட்டு, உள்ளங்கை பதிய அழுத்திவிட்டுப் பாருங்கள். விரல் நுனியால் வருடாதீர்கள். தலையைப் பின்னால் சாய்க்கிறீர்களா? சிலருக்குத் தண்ணீரைவிட அந்தச் சாய்வுதான் பயம். உட்காதின் சமநிலை உணர்வு சம்பந்தப்பட்டது. நிமிர்ந்து உட்காரட்டும், காய்ந்த துண்டை நெற்றியில் அவளே பிடித்துக்கொள்ளட்டும். "மூன்று மக், அவ்வளவுதான்" என்று சொன்னால் மூன்றோடு நிறுத்துங்கள், நுரை மிச்சமிருந்தாலும் சரி. எங்கள் வீட்டில் நாலாவது மக் ஊற்றிய அன்று அதுவரை சேர்த்த நம்பிக்கையெல்லாம் போனது.

லேபிளை வெட்டினால் மிஞ்சும் முனை இன்னும் குத்தும். தையலைப் பிரித்து எடுங்கள்.

அப்புறம், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டிடம் (குளியல், உடை மாதிரி அன்றாட வேலைகளைக் குழந்தை சிரமமில்லாமல் செய்யப் பயிற்சி தருபவர்) கட்டாயம் காட்டுங்கள். ஊஞ்சல், பந்து என்று வெறும் விளையாட்டாகத் தெரியும். 'இதற்கா ஃபீஸ்' என்று நானும் நினைத்தேன். "அழாமல் குளியல் முடிய வேண்டும்" என்று ஒரே இலக்கைச் சொல்லுங்கள். சில மாதத்தில் மாற்றமில்லை என்றால் கேள்வி கேட்கத் தயங்காதீர்கள். குழந்தை மருத்துவரையும் பாருங்கள். இப்படித் தொடுகையைத் தாங்க முடியாததற்குப் புலன் பிரச்சினை என்று பெயர் வைத்து நிறுத்திவிடாமல் ஆட்டிசம், ஏடிஹெச்டி (கவனக் குறைவும் அதீதத் துறுதுறுப்பும்), பதற்றம் போன்றவை பின்னால் இருக்கிறதா என்று பார்க்கும்படி அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2012லேயே மருத்துவர்களிடம் சொல்லியிருக்கிறது.