பிடிஎஃப் வாசிக்க எந்த மென்பொருள் நல்லது? இணையப் பக்கங்களைப் பிறகு பார்ப்பதற்கு எப்படிச் சேமிக்கிறீர்கள்?

கொழும்பில் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன். வர்த்தமானி, சுற்றறிக்கை, நூலகம் என்ற இணைய நூலகத் தளத்தில் உள்ள பழைய ஸ்கேன்கள் என்று நாள் முழுக்க பிடிஎஃப்போடுதான் சீவியம். அதனால் என் பதில் தமிழ்ப் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும்.

வாசிக்க மட்டும் என்றால் விண்டோஸில் சுமாத்ரா பிடிஎஃப். இலவசம், மிகச் சிறியது, பழைய கணினியிலும் சட்டென்று திறக்கும், விட்ட பக்கத்துக்கே கொண்டுபோய்விடும். படிவம் நிரப்ப அது சரிவராது. அதற்கு ஃபயர்பாக்ஸ் உலாவியே போதும். லினக்ஸ் என்றால் ஒகுலர். டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்க வேண்டி வந்தால் மட்டும் அடோபி ரீடரைத் திறப்பேன்.

உண்மையான தலையிடி தேடல்தான். யூனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் செய்த பழைய ஆவணங்கள் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். ஒரு வரியை எடுத்து வேறிடத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். இன்றைய பொது எழுத்துக் குறியீடான யூனிகோடில் செய்ததும் முழுசாகத் தப்பாது. பல பிடிஎஃப்களில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில்தான் உள்ளே கிடக்கும்; 'கொ' என்றால் ஒற்றைக்கொம்பு முதலில், ககரம் பிறகு. 'கொழும்பு' என்று தேடினால் இல்லை என்று சொல்லிவிடும். 'ழும்பு' என்று தேடிப் பாருங்கள், பெரும்பாலும் அகப்படும். கொம்பு வராத துண்டைத் தேடுவதுதான் சூட்சுமம். எந்த ரீடருக்கு மாறினாலும் இதில் பெரிய வித்தியாசம் இராது, கோளாறு கோப்பில்தான் இருக்கிறது.

இதனால்தான் தமிழ் இணையப் பக்கங்களை நான் பிடிஎஃப்பாகச் சேமிப்பதில்லை. நன்றாக இருக்கும் யூனிகோடை நாமே ஏன் குழப்ப வேண்டும்? சிங்கிள்ஃபைல் என்று உலாவியில் சேர்க்கும் ஒரு நீட்சி இருக்கிறது, ஃபயர்பாக்ஸுக்கும் குரோமுக்கும் கிடைக்கும். படங்கள் உட்பட முழுப் பக்கத்தையும் ஒரே எச்டிஎம்எல் கோப்பாக்கித் தரும். மூல முகவரியும் சேமித்த திகதியும் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கும். இணைப்பு இல்லாத நேரத்திலும் திறக்கலாம், தேடலும் ஒழுங்காக வேலை செய்யும்.

பிறகு வாசிக்க என்று கணக்குத் திறந்து சேர்க்கும் சேவைகளை நம்பி இருக்காதீர்கள். பாக்கெட் எவ்வளவு பேர் பாவித்தது! 2025 ஜூலையில் மூடிவிட்டார்கள். கட்டுரையில் மேற்கோள் காட்டப் போகிற பக்கம் என்றால் இணையப் பக்கங்களின் பிரதிகளைக் காத்துவைக்கும் வேபேக் மெஷின் தளத்திலும் ஒரு பிரதி ஏற்றிவையுங்கள், மற்றவர்களும் பார்க்கலாம். அப்புறம், கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டும் மாதமும் முன்னால் வரட்டும். 'புதிய ஆவணம் 3' என்று கிடந்தால் ஆண்டவனாலும் கண்டுபிடிக்க முடியாது.

ஏதாவது அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டிய பக்கத்தை மட்டும் பிடிஎஃப்பாக எடுங்கள். எச்டிஎம்எல் கோப்பை அனுப்பினால் வைரஸ் என்று பயந்து திறக்கவே மாட்டார்கள்.