பேசுவதும் ஏசுவதும்

கேள்வி: ஐயா, தென்னாப்பிரிக்காவின் சூலுவும் கோசாவும் ஒரே மொழியின் வட்டார வழக்குகளா, இரண்டு மொழிகளா? ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். – வாசகி, உப்புவெளி

பதில்: மகள், சீனக்குடாவில் கப்பல் சரக்குக் கணக்கெழுதிய காலத்தில், அந்நாட்டு மாலுமிகள் இருவரோடு ஒரு மாலை தேத்தண்ணிக் கடையில் இருந்தேன். ஒருவர் டர்பன் பக்கத்துச் சூலு, மற்றவர் கிழக்கு கேப் கோசா. அவரவர் மொழியில்தான் கதைத்தார்கள். 'என்ன சொன்னாய்?' என்று ஒருவரை ஒருவர் கேட்ட மாதிரித் தெரியவில்லை. ஒரு கட்டத்தில் கோசாக்காரர் 'தேத்தா' என்றார். மற்றவர் காதுகளைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கோசாவில் அதற்குப் 'பேசு' என்று பொருள். சூலுவிலோ 'ஏசு'! கதைப்பதற்கு அவர்களிடம் 'குலூமா' என்று வேறு சொல் உண்டு.

எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது. 'பிந்திப் போனா அம்மா பேசுவா' என்று நம்மூர்ப் பிள்ளை பயந்தால், ஏசுவா என்றுதான் நமக்கு விளங்கும். சென்னைப் பிள்ளைக்கு, அம்மா பேசினால் என்ன பயம் என்றுதான் தோன்றும்.

மற்றபடி இரண்டும் ங்கூனி குடும்பத்துப் பிள்ளைகள். தண்ணீர் இரண்டிலும் 'அமான்ஸி'. மனிதன் சூலுவில் 'உமுன்டு', கோசாவில் நடு உகரம் விழுந்து 'உம்ன்டு'. நன்றி சொல்வதில் மட்டும் நல்ல தூரம்: சூலுவில் 'ங்கியபோங்கா', கோசாவில் 'என்கோசி'. அந்நாட்டுப் பழங்குடிகளான கோய்சான் மக்களிடமிருந்து வந்த சொடுக்கொலிகள் இரண்டிலும் உண்டு, கோசாவில் கூடுதலாக. நாம் உச்சுக்கொட்டும் ஒலி அங்கே ஒரு மெய்யெழுத்து. வண்டி மாட்டை விரட்டக் கன்னத்தோரம் எழுப்புவோமே, அந்த ஒலியில்தான் 'கோசா' என்ற பெயரே தொடங்குகிறது. தமிழில் 'க' போட்டு எழுத எனக்கு மனம் வருவதில்லை, வேறு வழியும் இல்லை.

சரி, ஒன்றா இரண்டா? இரண்டு என்பேன். பேசுகிறவர்கள் அப்படித்தான் நினைக்கிறார்கள், அச்சும் அதை உறுதியாக்கிவிட்டது. 1823இல் ஸ்கொட்லாந்துப் பாதிரிமார் அச்சு இயந்திரம் கொண்டுவந்து கோசாவை அச்சேற்றினார்கள். முழு வேதாகமம் கோசாவில் 1859இல் வந்தது, சூலுவில் 1883இல். 1944இல் ஜேக்கப் ங்ஹ்லாப்போ என்பவர் ங்கூனி மொழிகளுக்குப் பொதுவான ஓர் எழுத்துவழக்கு வேண்டுமென்றார், நடக்கவில்லை. 1996 அரசியலமைப்பிலும் இரண்டும் தனித்தனி ஆட்சிமொழிகள்.

ஆனால் இரண்டுக்கும் நடுவே, எல்லைப் பக்கத்தில், பொண்டோ, பாக்கா என்று பேச்சுகள் இருக்கின்றன. கோசாவின் வழக்குகள் என்று கணக்கில் சேர்ப்பார்கள். ஆனால் பள்ளிக் கோசா வேறு வட்டாரத்துப் பேச்சிலிருந்து வந்தது. பொண்டோ பிள்ளை வீட்டுச் சொல்லைத் தாளில் எழுதினால் பிழை. அந்தப் பிள்ளைகளை நினைத்தால் மனம் கேட்பதில்லை. அம்மா மூதூர்ப் பக்கம். என்னை 'மனே' என்றுதான் கூப்பிடுவா. கட்டுரையில் அதை அப்படியே எழுதினேன். வாத்தியார் சிவப்பு மையால் வெட்டி, மேலே 'மகனே' என்று எழுதித் தந்தார்.