‘கௌதியோ’ என்ற ஸ்பானியச் சொல்லுக்குத் தலைவர் என்றுதான் அர்த்தமா? யாரை அப்படிச் சொல்லலாம்?

அகராதியில் தலைவர் என்றுதான் இருக்கும். அதை நம்பி மாட்ரிட்காரர் ஒருவரிடம் “உங்கள் கட்சிக்குக் கௌதியோ யார்?” என்று கேட்டுவிடாதீர்கள், முகம் மாறிவிடும். ஸ்பெயினில் அந்தச் சொல்லைச் சர்வாதிகாரி ஃபிராங்கோ பேருக்குப் பட்டா போட்டுக் கொடுத்தாயிற்று. என்னிடம் 1957 என்று பொறித்த ஐந்து பெசெட்டா நாணயம் ஒன்று இருக்கிறது. அவர் தலையைச் சுற்றி, ‘பிரான்சிஸ்கோ ஃபிராங்கோ, கடவுள் அருளால் ஸ்பெயினின் கௌதியோ’ என்று எழுதியிருக்கிறது. கடவுள் அருளால் என்று போட்டுக்கொள்வது ராஜாக்களின் வழக்கம். இவர் ராணுவத் தளபதி!

தென் அமெரிக்காவில் கதை வேறு. ஸ்பெயினிடமிருந்து விடுதலை பெற்ற நாடுகளில் அரசியல் சட்டம் காகிதத்தில் இருந்தது. குதிரையும் ஆள்பலமும் பண்ணையார்களிடம் இருந்தன. அர்ஜென்டினாவின் ரோசாஸ் அப்படிப்பட்டவர். பதவி என்னவோ புவெனோஸ் ஐரெஸ் மாகாண ஆளுநர்தான். ஆனால் 1835இல் மொத்த அதிகாரமும் அவர் கைக்கு வந்துவிட்டது. ஊரே சிவப்பு ரிப்பன் குத்திக்கொண்டு விசுவாசத்தைக் காட்ட வேண்டியிருந்தது. 1852இல் போரில் தோற்று இங்கிலாந்துக்கு ஓடினார். ஆக, கௌதியோ என்பது பதவியின் பெயர் அல்ல. பதவிக்காக இல்லாமல் அந்த ஆளுக்காகவே ஜனம் பின்னால் போனால், அவர் கௌதியோ.

இன்றைக்கு அரசியலில் ‘கௌதியீஸ்மோ’ என்றால் பெரும்பாலும் திட்டுதான், கட்சியை ஒரே ஆள் கையில் வைத்திருக்கிறார் என்று அர்த்தம். ஆனால் உருகுவேயில் ‘கௌதியோ’ பாராட்டாகவும் வரும், குறிப்பாகக் கால்பந்தில். 1950 உலகக் கோப்பையின் கடைசி ஆட்டம், பிரேசிலின் மரக்கானா மைதானம். பிரேசில் முதல் கோல் போட்டதும் உருகுவே கேப்டன் ஒப்துலியோ வரேலா பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஆஃப்சைடு என்று ஆங்கிலேய நடுவரிடம் வாதாடப் போய்விட்டார். கூட்டத்தின் ஆரவாரம் அடங்கும்வரை ஆட்டத்தைத் தொடங்கவிடவில்லை. உருகுவே 2-1 என்று ஜெயித்தது. கையில் பட்டை கட்டினவரெல்லாம் கேப்டன்தான், ஆனால் கௌதியோ என்று அவர்கள் சொல்வது இந்த மாதிரி ஆளை. (அந்தப் பக்கம் உச்சரிப்பு ‘கௌதிஷோ’ என்று கேட்கும், குழம்ப வேண்டாம்.)

அப்புறம், உங்கள் ஆபீஸ் மேலாளரைச் சொல்ல வேண்டுமென்றால் ‘ஹெஃபே’ போதும். மேயருக்கு ‘அல்கால்தே’.