பழைய சாமான்: வாங்குமுன் கவிழ்த்துப் பாருங்கள், தேய்க்குமுன் கேளுங்கள்

பழைய சாமான் கடைகள் இருக்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் போய் வந்தவர்களும் போகப்போகிறவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே மொத்தமாகப் பதில் சொல்லிவிடுகிறேன்.

அக்கா, முதல்தடவை போகிறோம். கடையில் எதைக் கேட்டாலும் "நூறு வருஷச் சரக்கு" என்பார்களாமே, எப்படி நம்புவது?

பேச்சை விடுங்கள், பொருளின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். எனாமல் பாத்திரமோ பீங்கானோ, கவிழ்த்து முத்திரையைப் படியுங்கள். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வரும் எனாமலில் சுவீடன், ஜப்பான், செக்கோஸ்லோவாக்கியா பெயர்கள் அடிக்கடி கண்ணில் படும். செக்கோஸ்லோவாக்கியா என்ற நாடே 1918இல்தான் உருவானது. அந்தப் பெயர் பொறித்த சட்டி அதற்கு முந்தையதாக இருக்க வழியில்லை. 'ஆக்யுபைட் ஜப்பான்' (போருக்குப் பின் அந்நியப் படைகளின் பிடியில் இருந்த ஜப்பான்) என்று இருந்தால் இன்னும் வசதி, 1945க்கும் 1952க்கும் நடுவில் செய்தது.

மரச்சாமானில் இழுப்பறையை முழுதாக வெளியே எடுத்துப் பாருங்கள். பிளஸ் குறி போட்ட ஸ்க்ரூ 1930களில்தான் சந்தைக்கு வந்தது. பழுது பார்த்தபோது யாராவது மாற்றியும் இருக்கலாம். அப்படியானால் பக்கத்திலேயே பழைய ஓட்டை தெரியும். தேய்மானத்தையும் பாருங்கள். நாற்காலியில் கை வைக்கும் முனையும் இழுப்பறை ஓடும் தடமும் மற்ற இடங்களைவிட அதிகம் தேய்ந்திருக்க வேண்டும். எல்லாப் பக்கமும் ஒரே அளவில் தேய்ந்திருந்தால் அது போன மாதம் உப்புத்தாள் செய்த வேலை.

இடித்த வீட்டு பர்மா தேக்குக் கதவு ஒன்று பேசி முடித்துவிட்டேன். மேலே நாலைந்து அடுக்கு பச்சை பெயிண்ட். கிரைண்டர் வைத்து ஒரே நாளில் எடுத்துவிடலாம் என்கிறார் ஆசாரி.

வேண்டாம் தம்பி. பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். நம் நாட்டில் வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. கிரைண்டர் போட்டால் அந்தத் தூசி வீடு முழுக்கப் பரவும். சின்னக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது நேரடிக் கேடு. நெருப்பால் சுட்டு எடுப்பதும் ஆகாது, ஈயப் புகை வரும்.

பெயிண்ட் ரிமூவர் தடவி, ஊறியதும் பட்டைத் தகட்டால் மெதுவாகச் சுரண்டச் சொல்லுங்கள். வெட்டவெளியில், கீழே பிளாஸ்டிக் விரித்து, மாஸ்க்கும் கையுறையும் போட்டுக்கொண்டு. சுரண்டியதைக் கூட்டாமல் ஈரத்துணியால் அள்ளிக் கட்டிப் போடுங்கள். காஸ்டிக் சோடாத் தண்ணீர் ஊற்றினால் சீக்கிரம் கழன்று வரும் என்பார்கள். வரும், ஆனால் தேக்கு கறுத்துப்போகும், நாரும் எழும்பிவிடும்.

இன்னொன்று: பழைய கதவுகள் பல கீலில் அல்ல, குடுமியில் (கதவின் மேலும் கீழும் நீட்டியிருக்கும் முளை) சுழல்பவை. கீல் போடுவதற்காகக் குடுமியை அறுத்தால் கதவின் மதிப்பில் பாதி போய்விடும், என் கணக்கில். நிலையோடு சேர்த்து வாங்குங்கள். உயரம் ஒத்துவராவிட்டால் சுவரில் விட்ட இடத்தை மாற்றுங்கள், கதவை அறுக்காதீர்கள்.

அந்தக் காலத்து எனாமல் சட்டியில் சமைக்கலாமா?

பூச்சு உரிந்திருந்தால் கூடாது. உரியாவிட்டாலும் உள்பக்கம் சிவப்பு, மஞ்சள் என்றால் சமையலுக்கு வேண்டாம். பழைய நிறங்களில் காட்மியம் என்ற நச்சு உலோகம் இருக்கலாம். செடி வையுங்கள், அழகாக இருக்கும்.

நாற்காலிக் காலடியில் தினமும் மாவு கொட்டுகிறது. தூக்கிப் போடணுமா?

அவசரம் வேண்டாம். அடியில் கறுப்புக் காகிதம் விரித்து ஒரு வாரம் பாருங்கள். புதுசாக வெளுத்த மாவு விழுந்தால்தான் உள்ளே பூச்சி உயிரோடு இருக்கிறது. சில சமயம் நாற்காலியை நகர்த்தும்போது பழைய தூள் உதிர்வதுதான். பூச்சி பெரும்பாலும் மரத்தின் வெள்ளைப் பகுதியைத்தான் தின்னும், வைரம் பாய்ந்த தேக்கைத் தொடாது. மரப்பூச்சி மருந்தை ஊசியால் ஒவ்வொரு துளையிலும் ஏற்றி, பிளாஸ்டிக் ஷீட்டில் சுற்றி இரண்டு மூன்று வாரம் வையுங்கள். வெயிலில் போட்டால் பூச்சி சாகும் என்று நம்பாதீர்கள், பலகைதான் வெடிக்கும்.

பிரம்பு பின்னிய இருக்கை தொய்ந்துவிட்டது அக்கா.

அறுந்திருக்காவிட்டால் பைசா செலவில்லை. கவிழ்த்து, அடிப்பக்கத்தில் சுடுதண்ணீர்த் துணியால் நன்றாக நனைத்து, நிழலில் காயவிடுங்கள். காயக் காயப் பிரம்பு இறுகும். மேல்பக்கத்தில் வார்னிஷ் இருப்பதால் அங்கே தண்ணீர் ஏறாது.

பாட்டி காலத்துப் பித்தளை அண்டாவை ஆசிட் போட்டுத் தேய்த்தேன். திட்டுத் திட்டாக ரோஸ் நிறம். என்ன செய்வது?

பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்தது. ஆசிட் துத்தநாகத்தை அரித்துவிட்டது, நீங்கள் பார்க்கிற ரோஸ் நிறம் மிச்சமிருக்கும் செம்பு. பாத்திரக் கடையில் மெஷின் பாலிஷ் போட்டால் ஓரளவு சரியாகும். இனிமேல் புளியும் உப்பும் போதும், தேய்த்ததும் கழுவி உடனே துடைத்துவிடுங்கள். சமைக்க எடுப்பதாக இருந்தால் உள்ளே ஈயம் பூசியிருக்க வேண்டும், அதுவும் வெள்ளீயம். பூசுபவர் வைத்திருக்கும் கட்டியை வெள்ளைத்தாளில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் அடர்த்தியாக விழுந்தால் காரீயமாக, அதாவது பெயிண்டில் சொன்ன அந்தக் கெடுதலான ஈயமாக இருக்கலாம். நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

ரவிவர்மா அச்சகத்து லட்சுமி படம் என்று விற்கிறார்கள். அசலா?

பூதக்கண்ணாடி கொண்டுபோங்கள். அந்த அச்சகம் 1894இல் பம்பாயில் தொடங்கியது; கல்லச்சு, அதாவது கல்லில் வரைந்து அச்சடிப்பது. நிறம் ஒழுங்கற்ற பொடிப்பொடிக் குருணைகளாகத் தெரியும். வரிசை பிசகாத புள்ளிகள் தெரிந்தால் பின்னாளைய மறுபதிப்பு. சட்டம் பழசு, படம் புதுசு என்பதும் நடக்கும்.

மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். இங்கே வாங்கி அனுப்பலாமா?

1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் தாண்டிய கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. கையெழுத்துச் சுவடிகளுக்கு 75 வருடம். அதற்குட்பட்டது என்றாலும் பார்வைக்குப் பழசாக இருந்தால் சுங்கத்தில் நிறுத்துவார்கள்; இது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்னாலேயே சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். எனாமல் கேரியர், 1950களின் டப்பா மாதிரியானவை என்றால் பெரிய சிக்கல் இல்லை. கல் சிலை, வெண்கலச் சிலை பக்கம் மட்டும் போகவே போகாதீர்கள். எந்தக் கோயிலிலிருந்து கிளம்பியது என்று உங்களுக்குத் தெரியாது, கேஸ் வந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.