மூட்டு அழற்சி உள்ள குழந்தையை ஓடவிடலாமா?

கேள்வி: என் மகளுக்கு மூன்று வயது. வலது முழங்காலிலும் இடது மணிக்கட்டிலும் ஆர்த்ரைட்டிஸ் என்று சொல்லி மருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். காலையில் நொண்டுகிறாள், தூக்கச் சொல்லி அழுகிறாள், மாலையில் ஓடுகிறாள். தானாகச் சட்டை போட்டுக்கொண்டவள் இப்போது கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். அடம்பிடிக்கிறாளா? ஓடினால் மூட்டு தேய்ந்துவிடாதா?

பதில்: அடம் இல்லை. அழற்சி உள்ள மூட்டு இரவு முழுக்க அசையாமல் கிடந்தால் இறுகிவிடும். அந்த இறுக்கம் தளர அரை மணி நேரமாகலாம், ஒரு மணிக்கு மேலும் ஆகலாம். மதியம் தூங்கி எழுந்த பிறகும் இப்படித்தான் இருக்கும். மாலையில் ஓடுகிறாளே என்று காலை அழுகையைச் சந்தேகிக்காதீர்கள்.

இந்த வயதில் பல குழந்தைகள் வலிக்கிறது என்று சொல்வதே இல்லை. வலி தரும் வேலையைச் சத்தமில்லாமல் விட்டுவிடுவார்கள். படியேறுவது, குந்தி உட்கார்வது, தரையில் கையூன்றி எழுவது, பொத்தான் போடுவது என எதை எப்போது விட்டாள் என்று குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். அழற்சி இன்னும் அடங்கவில்லை என்பதற்கு அது தடயமாக இருக்கலாம். மருந்தை மாற்றுவதா, மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவதா என்று அவர் முடிவெடுக்க உதவும்.

ஓடட்டும், தாராளமாக. வயதானவர்களுக்கு வரும் மூட்டுத் தேய்மானம் வேறு. இங்கே உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உட்சவ்வைத் தாக்குகிறது. மூட்டைக் கெடுப்பது அடங்காத அழற்சிதான். அசையாமல் வைத்திருப்பது அதோடு சேர்ந்துகொள்ளும். தொடைத் தசை மெலியும், முழங்கால் மடங்கியபடியே நின்று முழுதாக நீட்ட வராமல் போகும். இன்னொன்றையும் கவனியுங்கள்: அழற்சியால் அந்தப் பக்கம் ரத்த ஓட்டம் கூடுவதால், சின்னக் குழந்தைகளுக்கு அந்தக் கால் கொஞ்சம் நீளமாக வளர்ந்துவிடலாம். நடை சாய்வாகத் தெரிந்தால் இரண்டு காலையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்று சக்கர சைக்கிளும் தண்ணீர் விளையாட்டும் நல்லவை. வீக்கம் அதிகமான நாட்களில் மட்டும் உயரத்திலிருந்து குதிப்பது வேண்டாம். எவ்வளவு ஓடுவது என்பதை அவளே முடிவு செய்யட்டும். களைத்தால் தானாக உட்கார்ந்துவிடுவாள்.

சுகமாக இருக்கிறது என்று தூங்கும்போது முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள். கால் மடங்கியே பழகிவிடும். படம் பார்க்கும் நேரத்தில் கொஞ்ச நேரம் குப்புறப் படுக்கச் சொல்லுங்கள், முழங்காலும் இடுப்பும் நீளும்.

காலை அவசரத்தில்தான் நாம் எல்லாவற்றையும் நாமே செய்துவிடுகிறோம். கொஞ்சம் முன்னதாக எழுப்பி, படுக்கையிலேயே கால்களை மெல்ல மடக்கி நீட்டவிட்டு, வெதுவெதுப்பான நீரில் குளிக்கவையுங்கள். அப்புறம் உடை. முதல் கையை நீங்கள் நுழைத்துவிடுங்கள், மீதியை அவள் முடிக்கட்டும். எலாஸ்டிக் வைத்த கால்சட்டை, வெல்க்ரோ செருப்பு, பெரிய பொத்தான், தடித்த கிரேயான், தடித்த பிடியுள்ள கரண்டி, இரண்டு கையாலும் பிடிக்கிற குவளை போதும். மணிக்கட்டு வலிக்கும் குழந்தை தரையில் கையூன்றத் தயங்கும், அதனால் எழும்போது பிடித்துக்கொள்ள உறுதியான நாற்காலி பக்கத்தில் இருக்கட்டும். தூக்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். இறுகிப்போன காலை நேரத்தில் தூக்குங்கள், தளர்ந்தபின் இறக்கிவிடுங்கள். விளையாட்டுப் பள்ளிக்குப் போகிறாள் என்றால், நீண்ட நேரம் ஒரே இடத்தில் உட்காரவைக்க வேண்டாம் என்று ஆசிரியரிடம் சொல்லிவையுங்கள்.

மூட்டைப் பற்றிய கவலையில் பலர் கண்ணை மறந்துவிடுகிறார்கள். இந்த நோயில் கண்ணுக்குள்ளும் அழற்சி வரலாம். சிவக்காது, வலிக்காது, ஆனால் பார்வையைப் பாதிக்கும். கண் மருத்துவரின் ஸ்லிட் லாம்ப் கருவியில்தான் தெரியும். இவ்வளவு சின்ன வயதில் ஆரம்பித்த குழந்தைகள் பலருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை தேவைப்படும். இன்னும் பார்க்கவில்லை என்றால் இந்த வாரமே கேளுங்கள். காய்ச்சலோடு ஒரு மூட்டு திடீரென்று சிவந்து சூடாகி, காலை ஊன்றவே முடியாவிட்டால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

மருந்து வேலை செய்து வீக்கம் வடிந்த பிறகும் சில வாரங்களுக்கு அவள் படியேறத் தயங்கினால், வலியைவிட மெலிந்த தசையும் பழைய பயமும் காரணமாக இருக்கலாம். அப்போது குழந்தைகளைப் பார்த்துப் பழகிய பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.