கோடை விடுமுறையில் பிள்ளைகளை வைத்து வீட்டிலேயே சட்டென்று செய்யக்கூடிய அறிவியல் சோதனைகள், கைவேலைகள் என்னென்ன?

நான் டீச்சர் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதுரையில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஸ்டேஷனரி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சார்ட் பேப்பர், கிளிட்டர், தெர்மாகோல் எல்லாம் விற்றுத்தான் பிழைப்பு. "கடைக்காரியே கடைச் சாமான் வேண்டாம்னு சொல்றா பாரு" என்று கேலி செய்ய வருகிறவர்கள் கடைசி வரை படித்துவிட்டு வாருங்கள்.

கேள்வி கேட்டவர் பிள்ளைகளின் வயசைச் சொல்லவில்லை. எட்டு, பத்து வயசில் ரெண்டு பேர், அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் வேலை, பகல் முழுக்கப் போன் பிள்ளைகள் கையில், பள்ளிக்கூடத்திலிருந்து "சம்மர் ஆக்டிவிட்டி" என்று ஒரு தாள். இப்படித்தான் இருக்கும். என் கடைக்கு வருகிறவர்கள் அத்தனை பேரும் அந்தத் தாளோடுதான் வருகிறார்கள். "அக்கா, எரிமலை ரெடிமேடா இருக்கா?"

இருக்கிறது. நானேதான் செய்கிறேன். தெர்மாகோலைக் கூம்பாக ஒட்டி, நடுவில் மருந்து பாட்டில் செருகி, பிரவுன் பெயிண்ட் அடித்தால் 180 ரூபாய். ஆப்ப சோடாவும் வினிகரும் ஊற்றினால் பொங்கும், பிள்ளை கைதட்டும். ரெண்டாவது தடவை ஊற்றினாலும் அதேதான் பொங்கும். அதற்குமேல் அதில் பிள்ளை தோண்டுவதற்கு ஒன்றும் இல்லை.

போன வருஷம் மே மாதம் அம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். சாயல்குடிப் பக்கம். பனைமரத்துக்குக் குறைவே இல்லாத ஊர், நுங்கு தின்று தின்று சலித்துப்போகும். ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த என் மகள், தின்று முடித்த ரெண்டு நுங்குக் காயை ஒரு குச்சியில் கோத்து, கவைக்கம்பை வைத்துத் தள்ளிக்கொண்டு போனாள். நுங்கு வண்டி. நாம் எல்லாரும் ஓட்டியதுதான். ஆனால் இவள் வண்டி நேராகப் போகவே இல்லை. எப்படித் தள்ளினாலும் வலப்பக்கமே வளைந்து அம்மாச்சியின் ஆட்டுப் படலில் போய் முட்டியது. நாலு தடவை முட்டியதும் அழுதுகொண்டே வண்டியை வீசிவிட்டாள்.

என் அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். கட்டிலை விட்டு எழுந்திருக்காமலே, "ரெண்டு சக்கரத்தையும் அளந்து பாரு தாயி" என்றார். தையல் டேப்பை எடுத்து அளந்தாள். இடது காய் 12 செ.மீ. குறுக்களவு, வலது காய் 10. ஒரு சுற்றுக்குப் பெரியது கிட்டத்தட்ட 38 செ.மீ. போகும், சின்னது 31 தான் போகும். ரெண்டும் ஒரே குச்சியில் இறுகி இருப்பதால் சேர்ந்துதான் சுற்றியாக வேண்டும். சின்னது பின்தங்கப் பின்தங்க, வண்டி அந்தப் பக்கம் திரும்புகிறது.

அதோடு விடவில்லை மனுஷன். "எம்புட்டுப் பெரிய வட்டம் போடும்னு ஓட்டாமலே சொல்லட்டுமா?" என்றார். ரெண்டு காய்க்கும் நடுவே 45 செ.மீ. அதைப் பெரிய காயின் அளவால் பெருக்கி, ரெண்டு காய்க்கும் உள்ள வித்தியாசத்தால் வகுக்கச் சொன்னார். 45 பெருக்கல் 12, வகுத்தல் 2. 270 செ.மீ. வட்டத்தின் நடுவிலிருந்து பெரிய சக்கரம் ஓடும் தடம் வரைக்கும் அவ்வளவு தூரம் என்றார். மணலில் ஓட்டி, தடத்தை அளந்தோம். 290 வந்தது. "மணல்ல சறுக்குதுல்ல, அதான்" என்றார் அப்பா. மகள் நம்பவில்லை. மாட்டுக் கொட்டகை சிமெண்ட் தரையில் இன்னொரு தடவை ஓட்டினாள். 275. அன்றைக்கு ராத்திரி சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

மறுநாள் அவளே கேட்டாள்: "அப்ப ரயிலுக்கும் ரெண்டு சக்கரமும் ஒரே கம்பியிலதான இருக்கு, அது எப்படித் தாத்தா வளைவுல திரும்புது?" அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ரிட்டயர் ஆன பிறகு அவரிடம் யாருமே கேட்காத கேள்வி அது. ரயில் சக்கரம் தண்டவாளத்தில் படுகிற பாகம் தட்டையாக இருக்காது. உள்பக்கம் பெரிசு, வெளிப்பக்கம் சிறிசு, 20க்கு 1 என்று, அதாவது 20 மி.மீ. அகலத்துக்கு 1 மி.மீ. இறங்குகிற மாதிரி சரித்துக் கடைந்திருப்பார்கள். வளைவில் ஜோடிச் சக்கரம் கொஞ்சம் வெளிப்புறமாக ஒதுங்கும். அப்போது வெளிச் சக்கரம் பெரிய சுற்றளவில் ஓடும், உள்சக்கரம் சின்னச் சுற்றளவில் ஓடும், வண்டி தானே திரும்பிக்கொள்ளும்.

"ஊரில் வீடு இருக்கிறவளுக்கு இதெல்லாம் சரி, மூணாவது மாடி ஃப்ளாட்டில் நுங்குக்கு எங்கே போக?" என்று கேட்பீர்கள். சமையல்கட்டுக்குப் போங்கள். வாய் அகன்று அடி குறுகின எவர்சில்வர் டம்ளர் ஒன்றை எடுத்துத் தரையில் படுக்கப்போட்டு உருட்டுங்கள். அதுவும் வட்டம்தான் போடும். சரிவு உயரத்தை (வாயிலிருந்து அடிவரை பக்கவாட்டில் சாய்வாக டேப் வைத்து அளந்த நீளம்) வாய் அகலத்தால் பெருக்கி, வாய்க்கும் அடிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்தால் வட்டத்தின் ஆரம். எங்கள் வீட்டு டம்ளர் வாய் 7.5, அடி 5.5, சரிவு 9. கணக்கில் 33.75 செ.மீ. பிள்ளையைக் கணக்குப் போட்டுச் சாக்பீஸால் முதலில் கோடு கிழிக்கச் சொல்லுங்கள், அப்புறம் உருட்டட்டும்.

அடுத்து ஒரே மாதிரி ரெண்டு டம்ளரை வாயோடு வாய் சேர்த்து டேப் ஒட்டுங்கள். ரெண்டு ஒட்டடைக் கம்பைத் தண்டவாளம் மாதிரி இணையாக வைத்து, ஒரு முனையை ரெண்டு புத்தகத்தின் மேல் தூக்கி, மேலிருந்து விடுங்கள். கோணலாக வைத்தாலும் தானே நடுவுக்கு வந்து இறங்கும். அடியோடு அடி சேர்த்து ஒட்டினால் பாதியில் தடம்புரளும். ஏன் என்பதைச் சொல்லிவிடாதீர்கள், ரெண்டு நாள் போகட்டும். (பேப்பர் கப்பிலும் வரும். ஆனால் பிளாஸ்டிக் பூசிய கப் தமிழ்நாட்டில் 2019லிருந்தே தடை, அதை நான் சொன்னால் அதற்கும் ஒருத்தர் வருவார்.)

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மஞ்சள் கரைசலில் நனைத்துக் காயவைத்த தாளில் சோப்புத் தண்ணீர் தொட்டுப் படம் வரைந்தால் சிவக்கும், எலுமிச்சை தொட்டால் மறுபடி மஞ்சளாகும். ஆரத்திக்குச் சுண்ணாம்பு கலக்குவதும் இதே சங்கதிதான். நீலச் சங்குப்பூச் சாற்றில் எலுமிச்சை விட்டால் ஊதா, ஆப்ப சோடா போட்டால் பச்சை. தமிழ்நாட்டில் ஏப்ரலில் ஒருநாள் நட்டநடுப் பகலில் நேராக நிறுத்திய குச்சிக்கு நிழலே இருக்காது. மதுரையில் மாத நடுவில், சென்னையில் நாலாவது வாரத்தில். தவறவிட்டால் ஆகஸ்டில் இன்னொரு தடவை வரும். சூரியனைப் பார்க்க விடாதீர்கள், நிழலைப் பார்த்தால் போதும்.

இனி என் வயிற்றெரிச்சல். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் மகள் நாலு பக்கம் எழுதி, நுங்கு வண்டி படம் போட்டு, 270, 290, 275 எல்லாம் குறித்துக் கொண்டுபோனாள். "மாடல் எங்கே? நீட்டா இல்லையே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம். முதல் பரிசு பக்கத்து பெஞ்சுப் பிள்ளையின் எரிமலைக்கு. அது என் கடை எரிமலை, என் கையால் பெயிண்ட் அடித்தது. பிள்ளை மேலேயோ டீச்சர் மேலேயோ எனக்குக் கோபம் இல்லை. ஐம்பது பேரை வைத்துக்கொண்டு அவர்கள்தான் என்ன செய்வார்கள்? ஆனாலும் அன்றைக்கு மகள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

  

இந்த வருஷமும் எரிமலைக்கு இதுவரை 12 பேர் சொல்லி வைத்திருக்கிறார்கள். செய்து கொடுக்கத்தான் போகிறேன், கடை வாடகை யார் கட்டுவது? ஆனால் வாங்க வருகிற பிள்ளைகளை மகள் விடுவதில்லை. கல்லாவுக்குக் கீழே ஒரு டம்ளரும் சாக்பீஸும் வைத்திருக்கிறாள். யார் வீட்டு டம்ளர் எத்தனை செ.மீ. வட்டம் போட்டது என்று நோட்டில் குறிக்கிறாள். உங்கள் வீட்டு அளவையும் கீழே போடுங்கள், சேர்த்துக்கொள்வாள்.